எதிர் டீமுக்குப் போன ஏழாம் நம்பர்

நான் அதிகம் பேசாதவள். அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற பாதையில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. கடைக்குப் போனால் வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அவர்களாகவே கேள்வி கேட்டு, அவர்களாகவே பதிலும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கபடி டீம் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர், இளவயதில் நன்றாக ஆடியவர். கோச் என்றுதான் ஊரே கூப்பிடும். ஒருநாள் ஜெர்சி மூட்டையோடு வந்தார். வாங்கி வந்த டவுசர்கள் எல்லாம் முட்டிக்கு மேலே நின்றன, அப்பன்மார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே துணி ஒட்டுப்போட்டு முட்டி மறைய இறக்கித் தர வேண்டும் என்றார். தைத்துத் தந்தேன். முதுகில் நம்பரையும் நான்தான் வைத்துத் தைத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, வெளியூர் மேட்சுக்குப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போகணும். கூட ஒரு பொம்பள ஆள் வந்தாத்தான் அனுப்புவோம்ங்கிறாங்க. நீங்க வாரீங்களா?"

"நானா?"

"எல்லா வீட்லயும் ஒங்களத்தான் சொன்னாங்க. நீங்கன்னா போன எடத்துல நடந்தத இங்க வந்து ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டீங்களாம்."

அதை அவர் பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்படித்தான் வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரச் சீட்டு எனக்கு வந்தது. திருமயம், மணமேல்குடி, காரைக்குடி, சிவகங்கை என்று கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் எங்கே கபடி நடத்தினாலும் போனோம். பிள்ளைகள் பின்னால் கத்திப் பாடுவார்கள். எனக்குப் பாட்டு வராது. ஆனால் அந்தச் சத்தத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கப் பிடித்திருந்தது. என் வீட்டில் மிக்ஸி போட்டால்தான் சத்தம்.

எனக்கு இருந்த வேலை சின்னது. மைதானத்து ஓரத்தில் பைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். குளுக்கோஸ் கரைக்க வேண்டும். கிழிந்ததைத் தைக்க ஊசி நூல், ஊக்கு, பிள்ளைகள் அவசரத்துக்குக் கேட்கிற மற்றதெல்லாம் என் பையில் இருக்கும். தங்க வைக்கிற பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஒவ்வொருத்தியாக உள்ளே போகும்போது வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் எனக்குத் தாழ்ப்பாள் அத்தை என்று பேர் வைத்தார்கள். "தாழ்ப்பாள் எங்கடி? கூப்புடு, அவசரம்!" என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அப்படி என்னைத் தேடிக் கூப்பிடுகிறவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

அந்த டீமின் உயிர் ஏழாம் நம்பர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளித்தான் இருந்தாள். அப்பா விவசாயம். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், அதனால் அவளுக்கு நான் அத்தை. காலேஜில் படித்தாள். ஒல்லியான உடம்பு. ஆனால் பாடிப்போனாள் என்றால் எதிர்ப்பக்கம் ஏழு பேரும் பின்னால் போய்விடுவார்கள். கபடியில் பாடிப்போகிறவள் ஒரே மூச்சில் எதிரிகள் நடுவில் நுழைந்து, தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அவள் போகும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வேண்டுமென்று செய்ததில்லை, முதல் மேட்சிலேயே பழகிவிட்டது. அவள் கோட்டைத் தொட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அதைப் பார்த்துவிட்டுக் கோச் ஒருதரம், "அக்கா, புள்ள மாட்டுனா அது மட்டும்தான் அவுட்டு. நீங்க செத்துக்கித்துப் போயிராதீங்க" என்றார்.

யாரை ஜெயித்தாலும் ஒரு டீமை எங்களால் ஜெயிக்க முடியவில்லை. திருச்சிப் பக்கத்து டீம். அதில் ஒரு ஒன்பதாம் நம்பர் இருந்தாள். எங்கள் பிள்ளையைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கும். இடதுகை ஆட்டக்காரி. புள்ளி எடுத்தால் தொடையைத் தட்ட மாட்டாள், சிரிக்க மாட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நிற்பாள். பைனலில் இந்த இரண்டு டீமும் வந்தால் மைக்கில் பேசுகிறவருக்குக் கொண்டாட்டம். "இது ரெண்டு டீமுக்கு நடக்குற மேட்ச் இல்லைங்க, ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடக்குற மேட்ச்!" என்று ஆரம்பித்துவிடுவார். முடிவில் ஒன்பதாம் நம்பர்தான் கோப்பையை வாங்குவாள். எங்கள் வேன் பாட்டில்லாமல் ஊர் திரும்பும்.

அந்த ஒன்பதாம் நம்பரை எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. "திமிரு பிடிச்சவ" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், திருமயத்தில் நடந்த மேட்ச் வரைக்கும்.

அன்றைக்கு அரையிறுதிக்கு முன்னால் இடைவேளை. எங்கள் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பைகளோடு மரத்தடியில் இருந்தேன். ஒன்பதாம் நம்பர் நேராக என்னிடம் வந்து குனிந்தாள்.

"அக்கா, பேடு இருக்குமா? எனக்கில்ல. எங்க டீம்ல சின்னவ ஒருத்தி. அங்க கக்கூஸுக்குள்ள ஒக்காந்து அழுகுறா. எங்க கூட வந்தது ரெண்டு சாருங்கதான்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் போகவில்லை. "ஊக்கு? ... அவளுக்கு மாத்து டவுசர் இல்ல. என்னோடதக் குடுக்குறேன், இடுப்பு பெருசா இருக்கும்" என்றாள். ஊக்கும் கொடுத்தேன். பிறகு கதவுப் பக்கம் பார்த்தால், தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு இவள் வெளியே நிற்கிறாள். நான் நிற்கிற மாதிரியே, முதுகைக் கதவில் சாய்த்து. அன்று முழுக்க அவள் ஜெர்சிக்குப் பொருந்தாத பழைய டிராக் பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடினாள். எங்களைத்தான் ஜெயித்தாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே என்னைக் கூட்டிப் போனார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் ஏழாம் நம்பர் அந்த டீமுக்கே போகப் போகிறேன் என்றாள்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொன்னாள். அவர்கள் கேட்டிருக்கிறார்கள், மாநிலப் போட்டிக்குப் போகிற டீம், அங்கே ஆடினால் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு வழி உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தியின் ஜெர்சிக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

கோச் முதலில் சிரித்தார். "ஏத்தா, தோக்கடிக்க முடியலன்னா அங்கிட்டே போயிருவியா? நல்லாருக்கே கதை."

"தோக்கடிக்கணும்னுதாண்ணே இத்தன வருசமா ஓடுனேன். அந்த அக்கா எங்க நிக்கிது, எப்புடித் திரும்புதுன்னு பாத்துப் பாத்தே எனக்கு ஆட்டம் வந்துச்சு. ஒரு தடவையாச்சும் அது பக்கத்துல நின்னு ஆடணும்."

"எங்க பக்கத்துல நின்னது பத்தலையாக்கும்?" என்றாள் கார்னரில் நிற்கிற பிள்ளை. எதிரியின் காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரி அவள். ஏழாம் நம்பரின் கையைக் கோத்துக்கொண்டுதான் எப்போதும் நிற்பாள். "போ. போயி அவளுக்குத் துண்டு தூக்கு."

"நான் அப்படிச் சொல்லலடி."

"வேற எப்படிச் சொன்ன?"

கோச் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டீக்கடையில் அடுத்த இரண்டு நாளும் இதே பேச்சு. ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு எதிரியிடம் போகிறாள் என்றார்கள். அவள் எந்த ஊர்ச் சோற்றைத் தின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. மேட்சுக்குப் போகிற இடத்தில் பெரும்பாலும் நான் கட்டிக்கொண்டு போன புளிச்சோறுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் அப்பா என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பின்னால் அவள் அம்மா. உள்ளே வாங்க என்றதற்கு வேண்டாம் என்றார்.

"தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும். அவ அங்கிட்டுப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அந்த டீமு கூடப் பொம்பள ஆளே போறதில்லையாம்ல?"

"இல்லண்ணே. ரெண்டு சாருங்கதான் வருவாங்க."

"அப்பறம் எப்புடி நான் விடுறது? இங்கன்னா நீ இருக்க. நான் நிம்மதியாப் படுக்குறேன்." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த டீமப் பக்கத்துல இருந்து பாத்தவ நீதான். நீ சொல்லு. விடலாம்னா விடுறேன். வேணாம்னா வேணாம். அவளும் ஒத்துக்கிட்டா, அத்தை சொல்றதக் கேக்குறேன்னு."

என்னை யாரும் அதற்கு முன்னால் எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொம்பள ஆள் இல்லாத டீம், அதைவிட நல்ல காரணம் வேறு வேண்டியதில்லை, ஊரும் என்னைத்தான் மெச்சும். ஏழாம் நம்பர் இங்கேயே இருப்பாள். வேன் ஓடும். ஜன்னலோரச் சீட்டு எனக்கு இருக்கும். இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. கூடவே திருமயத்தில் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளையும் நினைவுக்கு வந்தாள்.

"விடலாம்ணே" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "எத வச்சுச் சொல்ற?"

எதை வைத்துச் சொல்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆம்பளையிடம் சொல்கிற விஷயமா அது.

"அங்க ஒம்பதாம் நம்பர் புள்ள இருக்குண்ணே."

"அது ஆட்டக்காரப் புள்ளதான?"

"கூடப் பொம்பள ஆள் வேணும்னீங்கல்ல. அந்த டீமுக்கு அதுதாண்ணே பொம்பள ஆள்."

"என்ன சொல்றே நீ, எனக்கு வெளங்கலையே."

"எனக்குத் தெரியும்ணே." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. வாங்க, போவோம்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

கிளம்புவதற்கு முன்னால் ஏழாம் நம்பர் புது டீமின் டவுசரை எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டிக்குக் கீழே இறக்கினால்தான் அனுப்புவேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். எங்கள் டீமுக்கு நீலத் துணி, இதற்குச் சிவப்பு. மெஷினில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டேன். அவள் கீழே உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைய ஏன்டி இதுல இழுத்துவிட்ட?"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கல்லத்தே."

"வேணாம்னு சொல்லிருந்தா?"

"இருந்துருப்பேன். வேறென்ன செய்ய?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மெஷினை ஓட்ட முடியவில்லை. நூல் அறுந்துவிட்டது என்று சொல்லி ஊசியைக் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அவள் போன பிறகு கோச் ஏழாம் நம்பர் ஜெர்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். புதிதாக வந்த பிள்ளை அந்த நம்பர் வேண்டாம் என்கிறாளாம், பிரித்துவிட்டு வேறு வைக்கச் சொன்னார். பிளேடால் பிரித்தேன். நம்பர் போனாலும் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். அப்படியும் தெரிந்தது. அதன்மேலேயே பதினாலு வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

மீமிசலில் நடந்த மேட்சில் இரண்டு டீமும் எதிரெதிரே நின்றன. கடல் பக்கத்து மைதானம், கருவாட்டு வாசனை, நல்ல கூட்டம். நான் வழக்கம்போல எங்கள் பைகளோடு ஓரத்தில் உட்கார்ந்தேன். அவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த டீமில் அவள் டவுசர் ஒன்றுதான் முட்டிக்குக் கீழே நின்றது. ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரும் கையைக் கோத்திருந்தார்கள்.

மைக்கில் பேசுகிறவர், "பழைய வீட்டுக்கே பாடி வர்றாங்கய்யா!" என்றார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அவள் எங்கள் பக்கம் வந்தாள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் எப்படி நகர்வாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் எங்கே திரும்புவாள் என்று அவர்களுக்கும் தெரியும். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது கார்னர் பிள்ளை பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். இவள் விழுந்து, கையை நடுக்கோட்டை நோக்கி நீட்டினாள். ஒரு சாண் இருக்கும். மேலே நாலு பேர் விழுந்தார்கள்.

"அய்யோ! போடி, போடி, கோட்ட எட்டித் தொடு!"

யார் கத்தியது என்று பார்க்க எல்லோரும் திரும்பினார்கள். கத்தியது நான். எழுந்துகூட நின்றிருக்கிறேன். மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க எந்த டீமு?" என்றார் கோச். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தாழ்ப்பாளும் அங்கிட்டுப் போயிருச்சுடி" என்றாள் கார்னர் பிள்ளை, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

அந்த மேட்சிலும் எங்கள் டீம் தோற்றது. நான் பைகளை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது இருவரும் வந்தார்கள். ஏழாம் நம்பர் முழங்கையில் சிராய்ப்போடு வந்து என் தோளில் தலையை முட்டினாள். "ஒங்க சத்தம் கேட்டுச்சுத்தே. மொதத் தடவ கேக்குறேன்" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள். ஒன்பதாம் நம்பர் மட்டும் நின்றாள்.

"அக்கா, ஒங்க போன் நம்பர் குடுங்க. அவ வீட்டுக்குச் சரியாப் பேச மாட்டேங்குறா. அவங்க அப்பாட்டப் பேச எனக்குப் பயமா இருக்கு. ஒங்களுக்கு மெசேஜ் போடுறேன், நீங்க சொல்லிருங்க."

கொடுத்தேன். அவர்கள் வேன் வடக்கே போனது. எங்கள் வேனில் யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. எதுவுமே பேசவில்லை.

அதற்கு அடுத்த போட்டிக்குக் கோச் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனதாகத் தைக்கக் கொடுக்க வந்த பெண் ஒருத்தி சொன்னாள். அப்படியா என்றேன். வேன் எங்கள் தெருவைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்கும். பாட்டுச் சத்தம் முதலில் வரும், பிறகு வேன். மெஷினை நிறுத்திவிட்டு, அது மெயின் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஊசியும் நூலும் ஊக்கும் போட்ட பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதை எடுத்து வைக்க வேறு இடம் தோன்றவில்லை.

ஏழாம் நம்பர் ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை எனக்குப் பேசினாள். பிறகு குறைந்தது. அவளுக்கு நேரமில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அப்பா விடுவதில்லை. மகள் வெளியூரில் ஆடப் போகிற நாளெல்லாம் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்.

"சேதி வந்துச்சா, தங்கச்சி?"

நான் சொல்லித்தானே விட்டார். பதில் சொல்ல வேண்டியவள் நான். ஒன்பதாம் நம்பரின் மெசேஜ் அநேகமாக அந்த நேரத்துக்கு வந்திருக்கும். "சாப்ட்டா அக்கா." "கால்ல சுளுக்கு, தைலம் தேச்சிருக்கேன், பயப்பட வேணாம்." "தூங்குறா." அவ்வளவுதான் இருக்கும். நான் படித்துச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். மறுபடி வீட்டில் சத்தம் இருக்காது.

போன வாரம் ஒருநாள் மெசேஜ் வர நேரமானது. அவர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். கடைசியில், "ஜெயிச்சிட்டோம். அவதான் நெறைய பாயிண்ட். இப்பத்தான் சாப்ட்டு ஒக்காந்திருக்கா" என்று வந்தது. ஓடிப்போய் அவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் முகம் மாறியது. உள்ளே திரும்பி மனைவியிடம் சத்தமாகச் சொன்னார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெசேஜைத் திரும்பவும் பார்த்தேன். நான் அதுவரைக்கும் பதில் என்று எதுவும் போட்டதில்லை. எனக்கு அந்த எழுத்துகளைத் தேடித் தேடி அடிக்க நேரமாகும். அன்றைக்கு என்னவோ அடித்தேன்.

"நீ சாப்பிட்டியா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு சத்தம் கேட்டது.

"நானா அக்கா?" என்று வந்திருந்தது. அதற்குக் கீழே, "இன்னும் இல்ல."